தானாக அணைந்து தானாக ஆன் ஆகும் டெஸ்க்டாப்: எதையும் வாங்குவதற்கு முன்னால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நான்கு வருடம் ஆன டெஸ்க்டாப். சில மாதங்களாகச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து, தானாகவே திரும்ப ஆன் ஆகிறது. ஒரு நாள் கேம் ஆடும்போது, இன்னொரு நாள் சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. நீலத் திரை எதுவும் கண்ணில் படவில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்தாயிற்று. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்று நிற்கிறது. தெரிந்தவர் ஒருவர் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குத் தரும் பெட்டி) போய்விட்டது என்கிறார், இன்னொருவர் மதர்போர்டு என்கிறார். இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். எது கெட்டது என்று காசு செலவழிக்காமல் கண்டுபிடிக்கும் வழிதான் உங்களுக்கு முதலில் வேண்டியது. பல வருடமாக இந்த மெஷின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவன் நான். ஊகத்தில் பாகம் வாங்கியவர்களில் பலர், இரண்டாவது பாகத்தையும் வாங்கிய பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

முதலில் மெஷின் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே ‘அணைந்தது, ஆன் ஆனது’தான். உள்ளே நடப்பது மூன்று வேறு வேறு சங்கதிகள். ஒன்று, கரண்டே போய்விடுவது: சுவரிலிருந்து வருவதோ எஸ்எம்பிஎஸ் தருவதோ ஒரு கணம் அறுந்துபோகிறது. இரண்டு, கரண்ட் இருக்கிறது, ஆனால் ப்ராசசர் நிலைகுலைந்து ரீசெட் ஆகிறது. மூன்று, விண்டோஸே முடிவெடுத்து ரீஸ்டார்ட் செய்கிறது. நீலத் திரை வந்து கண் இமைப்பதற்குள் மறைவதும் இதில் சேர்த்தி. அடுத்த தடவை நடக்கும்போது பதறாமல் கவனியுங்கள். ஃபேன்கள் எல்லாம் மெல்ல மெல்லச் சுற்று குறைந்து நின்றனவா, இல்லை ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கத் திரை மட்டும் கறுத்து லோகோ வந்ததா? ‘டிக்’ என்று ரிலே சத்தம் கேட்டதா? அது எஸ்எம்பிஎஸ் பக்கத்திலிருந்தா, யுபிஎஸ் பக்கத்திலிருந்தா? முக்கியமாக, மானிட்டரில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டர் மட்டும் செத்தால் மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லும். மானிட்டரும் சேர்ந்து அணைந்து எழுந்தால், கோளாறு கேபினெட்டுக்கு வெளியே இருக்கிறது. பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் இவற்றில் ஒன்று. இது ஒன்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த கதைகள் உண்டு.

அந்த 41-ஐப் பார்த்துப் பலர் எஸ்எம்பிஎஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெயரில் ‘பவர்’ இருப்பதுதான் காரணம். அந்தப் பதிவு மெஷின் செத்த நேரத்தில் எழுதப்படுவதே இல்லை. மறுபடி பூட் ஆகும்போது, போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைக் கண்டு விண்டோஸ் எழுதுவது அது. மயங்கி விழுந்தவர் கண் விழித்ததும் ‘நான் விழுந்திருக்கிறேன் போலிருக்கிறது’ என்று சொல்வது மாதிரி. ஏன் விழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆனாலும் அதற்குள் பயனுள்ள விஷயம் இருக்கிறது. அந்தப் பதிவில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியைத் திறந்தால் ‘பக்செக் கோட்’ என்று ஒரு எண் இருக்கும். அது 0 அல்லாமல் வேறு எண்ணாக இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, உங்கள் கண்ணில்தான் படவில்லை என்று அர்த்தம். அந்த எண் தசம முறையில் இருக்கும், நீலத் திரைக் குறியீடுகள் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) இருக்கும். விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். 292 என்றால் ஹெக்ஸில் 124. அது ப்ராசசரோ அதைச் சார்ந்த ஹார்டுவேரோ தானே புகார் செய்தது. 278 என்றால் 116. கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. 26 என்றால் 1ஏ. மெமரி நிர்வாகத்தில் குளறுபடி. அதே இடத்தில் ‘பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்’ என்பதும் இருக்கும். அதில் 0 தவிர வேறு ஏதாவது இருந்தால் பவர் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் அழுத்தவில்லை என்றால் பட்டனே மாட்டிக்கொண்டிருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

பக்செக் கோட் 0 என்றால்? கரண்ட் போயிருக்கலாம், அல்லது குறியீட்டை எழுதி வைக்கக்கூட அவகாசமில்லாமல் ப்ராசசர் ரீசெட் ஆகியிருக்கலாம். 0 என்பதை மட்டும் வைத்து எஸ்எம்பிஎஸ் மீது பழி போட முடியாது. அதே லாகில் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். அதில் 18 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தால் எனக்கு அது மிக மதிப்புள்ள சாட்சி: ப்ராசசர் தன்னால் சரிசெய்ய முடியாத பிழை நடந்தது என்று சொல்லியிருக்கிறது. அப்புறம் 1074 என்ற எண். அது இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், முறையாக ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். ‘தானாக ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று கொண்டுவரப்பட்ட மெஷினில் இது மட்டுமே இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இன்றே செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி’, அதில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அது அப்படியே நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை நிற்காமல் சட்டென்று அணைந்து எழுந்தால், முன்பு சொன்ன மூன்றாவது வகையை ஏறக்குறைய கழித்துவிடலாம். அதோடு ‘விண்டோஸை மறுபடி போட்டுப் பார்’ என்ற யோசனையையும் மூட்டை கட்டிவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், மெஷினை பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) திரையில் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் கிடையாது, டிரைவரும் கிடையாது, வைரஸும் கிடையாது. பயாஸில் நிற்கும்போதே அணைந்தால் ஹார்டுவேர் என்பதில் சந்தேகமே வேண்டாம். அங்கே அணையவில்லை என்றால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டு அங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

வைரஸ் என்றதும் ஒரு பழைய சங்கதி. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்கள் 60 விநாடி எண்ணிக்கொண்டே ரீஸ்டார்ட் ஆகின. ‘தானாக ரீஸ்டார்ட் ஆனால் வைரஸ்’ என்ற பேச்சுக்கு அந்தக் காலம் நிறையவே தீனி போட்டது. இன்றைக்கு, எந்த அறிவிப்பும் இல்லாமல் கரண்ட் போனது போல அணையும் மெஷினில் வைரஸைத் தேடுவது வீண்.

சரி, இனி பயாஸில் ஒரு சோதனை. நான் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். பயாஸில் பவர் சம்பந்தப்பட்ட பகுதியில் ‘ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்’ அல்லது ‘ஏசி பேக்’ என்கிற மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். கரண்ட் போய் வந்தால் மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ‘பவர் ஆன்’ அல்லது ‘லாஸ்ட் ஸ்டேட்’ என்று வைத்திருந்தால், கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலும் மெஷின் தானே எழுந்துவிடும்; உங்கள் கண்ணுக்கு அது ‘ரீஸ்டார்ட்’. அதை ‘பவர் ஆஃப்’ என்று மாற்றிவிட்டுக் காத்திருங்கள். அடுத்த தடவை அணைந்து அப்படியே கிடந்தால், போர்டுக்கு ஸ்டாண்ட்பை கரண்டுகூட (மெஷின் அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் சிறு கரண்ட்) வராமல் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிளக்கிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரைக்கும்தான் தேட வேண்டும். மாற்றிய பிறகும் தானாக எழுந்தால் அது ரீசெட். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: மின்சாரம் மிக மிகக் குறைந்த நேரம் தொய்ந்தால், ஸ்டாண்ட்பை உயிரோடு இருக்க, முக்கிய வோல்டேஜ் மட்டும் விழுந்து மெஷின் ரீசெட் ஆகலாம். ஆகவே ‘அப்படியே கிடந்தது’ என்பது பலமான சாட்சி. ‘எழுந்துவிட்டது’ என்பது பாதி சாட்சிதான்.

வெளியே இருப்பவற்றைச் சோதிக்க எந்தத் திறமையும் வேண்டாம், பொறுமை போதும். பவர் கார்டை மாற்றுங்கள். மானிட்டரின் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கத்தில் கார்டு தளர்வாக ஆடுகிறதா என்று பாருங்கள். மேசைக்கு அடியில் கால் படும் இடத்தில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் பல மர்மங்களுக்கு விடை. அதைத் தவிர்த்து, நேராகச் சுவர் சாக்கெட்டில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதையும் அந்த நாட்களில் ஒதுக்கி வையுங்கள். ‘யுபிஎஸ் இருக்கிறதே, கரண்ட் எப்படிப் போகும்?’ என்று கேட்பார்கள். சாதாரண யுபிஎஸ், கரண்ட் இருக்கும்போது அதை அப்படியே கடத்துகிறது. போனதும் ரிலே மூலம் பேட்டரிக்கு மாறுகிறது. அதற்குச் சில மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கபாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தால் தாண்ட வேண்டும். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி விநாடி தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்று 20 மில்லி விநாடி என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு குறுகிய நேரம் என்று புரியும். கபாசிட்டருக்கு வயதாக ஆக அந்தத் தாங்கும் நேரம் சுருங்கும். யுபிஎஸ்ஸும் சரியாக இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸும் தனியாகச் சோதித்தால் சரியாக இருக்கும், இரண்டையும் சேர்த்தால் மெஷின் விழும். பேட்டரி செத்த யுபிஎஸ் என்றால் சொல்லவே வேண்டாம்: சின்னத் தொய்வு வந்தாலும் பேட்டரிக்கு மாறி, அங்கே ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதாவது யுபிஎஸ் இல்லாமல் இருந்திருந்தால் அணைந்தே இருக்காது.

இப்போது எஸ்எம்பிஎஸ். அது 12, 5, 3.3 வோல்ட்களைத் தருவதோடு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ‘பவர் குட்’ என்பார்கள், பழைய நிற வழக்கப்படி அது சாம்பல் நிற ஒயர். வோல்டேஜ் எல்லை தாண்டப் போகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் அந்தச் சிக்னலை இறக்கிவிட வேண்டும். இறங்கியதும் போர்டு ப்ராசசரை ரீசெட்டில் பிடித்துவிடும். நீலத் திரை இல்லை, லாகில் அந்த 41 தவிர எதுவும் இல்லை, சட்டென்று கறுப்பு, அப்புறம் லோகோ. உங்கள் வர்ணனைக்கு மிகவும் பொருந்துவது இதுதான் என்பதை மறுக்கமாட்டேன். இன்னொரு வகை, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வெட்டிக்கொள்வது. அளவுக்கு மீறிய கரண்ட் இழுக்கப்பட்டால் அது தன்னையே அணைத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழும். சில போர்டுகள் தாங்களே மறுபடி முயன்று எழுப்பிவிடுவதால், ‘தானாக எழுந்தது, ஆகவே பாதுகாப்புச் சுற்று இல்லை’ என்று கறாராகச் சொல்லவும் முடியாது.

‘650 வாட் இருக்கிறதே, போதாதா?’ என்ற கேள்விக்கு வாட் கணக்கு மட்டும் பதில் தராது. கிராபிக்ஸ் கார்டின் பெட்டியில் போட்டிருப்பது சராசரி. ஆர்டிஎக்ஸ் 3090 போன்ற கார்டுகளின் சராசரி 350 வாட் என்றால், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டுத் திரும்பும். சராசரியைப் பார்த்து வாங்கிய எஸ்எம்பிஎஸ் அந்தக் குத்தலில் வெட்டிக்கொள்ளும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கான எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ விநாடிக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று சொன்னது இந்தத் தொல்லையால்தான். உங்கள் கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதைச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டால் மட்டுமே சரியான மெஷின்கள் உண்டு. காசில்லாத வைத்தியம்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். அது செத்துவிட்டதா இல்லையா என்று மட்டும் சொல்லும். சுமை ஏறும்போது தொய்கிறதா என்று சொல்லாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும் (5 சதவீதம்), ஓடும் மெஷினில் சுமை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தால் தீர்ப்பு முடிந்தது. எல்லைக்குள் இருந்தால் நிரபராதி என்று ஆகாது, மைக்ரோ விநாடியில் விழுந்து எழுவதை மல்டிமீட்டர் பார்க்காது. மென்பொருள் காட்டும் வோல்டேஜ் எண்களை நான் வைத்து முடிவெடுப்பதில்லை. 12 வோல்ட் லைனில் 8 வோல்ட் என்று காட்டிக்கொண்டே நன்றாக ஓடும் போர்டுகள் உண்டு. உண்மையில் 8 வோல்ட் என்றால் அந்த எண்ணைக் காட்ட மெஷின் உயிரோடு இருக்காது.

சுமை சோதனைக்கு ஓசிசிடி என்ற மென்பொருளில் ‘பவர்’ என்ற சோதனை இருக்கிறது. ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்தில் முழுக்க இழுக்கும். முதலில் ப்ராசசர் மட்டும், பிறகு கிராபிக்ஸ் கார்டு மட்டும், கடைசியில் இரண்டும். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் சில நிமிடத்தில் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் மீது என் சந்தேகம் பலமாகும். ப்ராசசர் சோதனையிலேயே விழுந்தால் வேறு பக்கம் பார்ப்பேன். கூடவே எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற மென்பொருளில் லாகிங்கைப் போட்டு, விநாடிக்கு ஒரு தடவை ஃபைலில் எழுதவிடுங்கள். அணைந்து எழுந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி சில வரிகளைப் பாருங்கள். ப்ராசசர் 62 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 71 டிகிரி என்று அமைதியாக இருந்து வரி அறுந்திருந்தால், சூட்டைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது’ என்பது எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை. இன்றைய ப்ராசசர்கள் சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெலில் பொதுவாக 100 டிகிரியை ஒட்டி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரியில். அதையும் தாண்டினால்தான் ப்ராசசர் அவசரமாக அணைக்கச் சொல்லும். ஆகவே சூட்டினால் சாகும் மெஷின், சாவதற்கு முன் நொண்டும். அணைந்த பிறகு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், அல்லது அடுத்த பூட்டில் சூடு என்று பயாஸ் சொல்லும். கூலர் கழன்றிருந்தாலோ தண்ணீர் கூலரின் பம்ப் நின்றிருந்தாலோ தவிர, சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது இது நடக்காது. தூசி தட்டுவதைத் தடுக்கவில்லை, தட்டுங்கள். அது உங்கள் நோய்க்கு மருந்தாக இருக்கும் வாய்ப்பு குறைவு, அவ்வளவே.

பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது அணைகிறது என்று நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுமையில் மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சும்மா இருக்கும்போதும் விழுகிறது என்றால் சந்தேக வட்டம் பெரிதாகிறது. ப்ராசசர்கள் வேலையில்லாதபோது சி6 போன்ற ஆழ்ந்த தூக்க நிலைகளுக்குப் போய், 12 வோல்ட் லைனில் இழுப்பை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் வந்தபோது, அவ்வளவு குறைந்த சுமையைத் தாங்காத எஸ்எம்பிஎஸ்கள் பெரிய பேச்சாக இருந்தன. ரைசன் மெஷின்களில் இதற்கென்றே பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்று ஒன்று இருக்கிறது. உங்களுடையது ரைசன் என்றால் அதை ‘டிபிக்கல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றிச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். நிற்குமானால் செலவு பூஜ்யம். பயாஸையும் இப்போதைய பதிப்புக்கு ஏற்றுங்கள். ஆனால் வெளிப்புறக் கரண்ட் சோதனையை முடித்துவிட்டு ஏற்றுங்கள். பயாஸ் ஏறும் நடுவில் மெஷின் அணைந்தால் போர்டே போய்விடலாம்.

ராமைப் பொறுத்தவரை, அதன் வழக்கமான அடையாளம் வேறு: விதவிதமான குறியீட்டோடு நீலத் திரைகள், புரோகிராம்கள் காரணமில்லாமல் மூடிக்கொள்வது, ஜிப் ஃபைல் பிரிக்கும்போது பிழை. ரீசெட்டும் ஆகலாம், அது கொஞ்சம் அரிது. பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருந்தால் அது ஓவர்கிளாக்தான், அதாவது வரையறுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் ராம், ஸ்லாட், மெமரி கன்ட்ரோலர் இந்த மூன்றில் ஒன்று. பிழை வராவிட்டால் ஓரளவு நிம்மதி, முழு நிம்மதி இல்லை.

ப்ராசசர் கெடுவது அரிது என்று நாங்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் அதை மாற்றிவிட்டன. அளவுக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கி, காலப்போக்கில் உள்ளே சேதமடைந்து நிலையற்றுப்போகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் விற்ற ப்ராசசர்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், வந்ததை ஆற்றாது. உங்கள் மெஷினின் மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அது அந்த வரிசையில் 65 வாட்டோ அதற்கு மேலோ என்றால் இந்தப் பத்தியை மேலே கொண்டுபோய் வைத்துப் படியுங்கள்.

பட்டன் விஷயம். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச் இரண்டுக்கும் மெல்லிய ஒயர்கள் போர்டின் ஓரத்துப் பின்களுக்கு வரும். ரீசெட் பட்டனின் உள்ளே ஈரமோ துருவோ ஏறி, தானே ஒரு கணம் தொட்டுக்கொண்டால் மெஷின் ரீசெட் ஆகும். லாகில் அந்த 41 தவிர வேறு தடயமே இருக்காது. பவர் பட்டன் மாட்டிக்கொண்டால் சுமார் 4 விநாடியில் அணையும். ரீசெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். அந்தப் பட்டன் இல்லாமல் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பவர் ஒயரையும் சில நாள் பிடுங்கி வைத்து, ஆன் செய்ய அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். பல பேர் தலையைப் பிய்த்துக்கொண்ட மெஷின் இந்த ஒரு ஒயரால் சரியானதைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கை உள்ளே போகும்போதே 24 பின் கனெக்டரையும், ப்ராசசர் பக்கத்து 8 பின் கனெக்டரையும் கழற்றி ‘கிளிக்’ என்று கேட்கும்படி மறுபடி சொருகுங்கள். பின்களில் பழுப்போ கருகலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போர்டில் தலை உப்பிய கபாசிட்டர் கண்ணில் பட்டால் மதர்போர்டு என்று சொன்னவர் ஜெயித்தார். வளைந்த யுஎஸ்பி சாக்கெட், பழுதான பென்டிரைவ் இவையும் ஷார்ட் அடித்து மெஷினை அணைக்கும். கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிச் சில நாள் பாருங்கள். போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்று என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். அது செத்தால் கடிகாரமும் பயாஸ் அமைப்பும் மறந்துபோகும். ஓடும் மெஷின் அதனால் அணைவதில்லை.

இங்கிருந்து, நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்து நான் பந்தயம் கட்டச் சொன்னால்: முதலில் வெளிப்புறக் கரண்ட் வழி, அடுத்து எஸ்எம்பிஎஸ், மூன்றாவதாக ப்ராசசரோ ராமோ அதன் பயாஸ் அமைப்போ, நான்காவதாக ரீசெட் பட்டன், கடைசியில்தான் மதர்போர்டு. மதர்போர்டைக் கடைசியில் வைப்பது அது கெடாது என்பதால் அல்ல. அதை நேரடியாக நிரூபிக்க வீட்டில் வழியில்லை, மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்கலாம் என்ற இடத்துக்கு வந்தால், நண்பருடையதைச் சில நாள் இரவல் வாங்கிப் போடுங்கள். மாடுலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் கேபிள்களையும் அதனோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய கேபிளைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகலாம், உட்காரும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கலாம். கருகிய வாடையோ பொறியோ வந்திருந்தால் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

முக்கியமான ஃபைல்களை இன்றே வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துவிடுங்கள்; எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது எந்த டிஸ்குக்கும் நல்லதல்ல. அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். யுபிஎஸ்ஸை ஒதுக்கி, ராமைக் கழற்றி, பயாஸை ஏற்றி எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செய்தால், சரியானாலும் எதனால் என்று தெரியாது. செய்ததையும் அணைந்த தேதியையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். உங்களுக்குச் சராசரியாக நாலைந்து நாளுக்கு ஒரு தடவை அணைகிறது. ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஐந்து நாள் அணையாமல் ஓடினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு, அதாவது பதினைந்து நாள் அணையாமல் ஓடினால்தான் அந்த மாற்றம் வேலை செய்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். அதற்குள் ஒரு தடவை அணைந்தாலும், அந்த மாற்றத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.